பின்பாரம்

டீக்கடை ட்ரெய்லரை விலைக்குக் கேட்டு வந்த பஷீருதீன் பாய் சக்கரத்தைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை. நேராக முன்பக்கம் போனார். வண்டியில் மாட்டுகிற ஏர்க்கால் நாலு செங்கல்லின் மேல் கிடந்தது. அதை ஒற்றைக் கையால் பிடித்துத் தூக்கினார். முறத்தைத் தூக்குவது போல அது எழும்பி வந்தது. கீழே வைத்துவிட்டு, நம்பாதவர் மாதிரி மறுபடியும் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, மூக்குல கனமே இல்லியே. இப்பிடியேவா ரோட்டுல இழுத்துகினு போனீங்க?"

கண்ணகி பெருமையாகவே தலையாட்டினாள். ட்ரெய்லரின் கடைசியில் நின்ற நீல டிரம்மைக் காட்டினாள். குழாய் ஒழுகாது என்று காட்டுவதற்காகக் காலையிலேயே அதைத் தளும்பத் தளும்ப ரொப்பி வைத்திருந்தாள். மாமல்லபுரத்துத் தண்ணீர் உப்பு. அதில் டீ போட்டால் கழனித்தண்ணி மாதிரிதான் இருக்கும். மதுராந்தகம் பக்கத்து இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அப்படியா? கற்கண்டு. சனி ஞாயிறில் கடற்கரைக்கு வருகிற ஜனம் அவள் டீயைத் தேடி வந்து குடித்ததென்றால் அது இந்தத் தண்ணீரால்தான். கிளாஸ் கழுவக் கைக்கு எட்ட வேண்டும் என்று டிரம்மைக் கடைசியில் வைக்கச் சொன்னவளும் அவளேதான்.

விற்கிற நிலைமை வந்தது நாலு மாதத்துக்கு முன்னால் பாலாற்றுப் பாலத்தில். அவள் புருஷன் ராஜாராம்தான் ஓட்டினான். பதினாறு வருசத்துப் பழைய வண்டி, பேர்தான் ஜீப்பு, ஆள் சின்னது. கடல் காற்று குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பஸ் ஏறிப் போனதுதான் தாமதம், பின்னால் ட்ரெய்லர் இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பித்தது. ராஜாராம் பயந்து பிரேக்கை மிதித்தான். அது இன்னும் வெறி பிடித்து ஆடி, வண்டியையே இழுத்துக்கொண்டு போய்க் கைப்பிடிச் சுவரில் உரசித்தான் நின்றது. உயிர் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ. கிளாஸ் ஒன்றுகூடத் தேறவில்லை. அவன் காற்று என்றான், பஸ் என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கண்ணகி அங்கேயே சொன்னாள். உன் கை நடுங்குது மாமா, நான் பார்த்துகினுதான் இருந்தேன் என்றும் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா? தம்பியிடம் சொன்னாள், நாத்தனாரிடம் சொன்னாள், ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டும் சொன்னாள். வயசு அம்பத்திரண்டுதான், அதுக்குள்ள இப்பிடி ஆயிட்டாரு என்பாள்.

அதற்கப்புறம் அவள் தம்பி தமிழ்வாணன்தான் ஓட்டினான். தண்ணீர்க் கனத்துக்கு டீசல் குடிக்கும் என்று டிரம்மைக் காலியாகவே எடுத்துப் போய், அங்கே கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டான். டீயின் ருசி போயிற்று. ஆனால் ட்ரெய்லர் ஒரு நாளும் ஆடவில்லை. பார்த்தியா, அவன் கையில் ஆடலியே என்று அதையும் ராஜாராமின் தலையில்தான் போட்டாள். அவன் செங்கல்பட்டுக்குப் போய் ஒரு டாக்டரிடம் நரம்புக்கு மாத்திரை எழுதி வாங்கி வந்தான். பிறகு தமிழ்வாணனுக்குக் கம்பெனி வேலை கிடைத்துவிட, வித்துடலாம் என்று ராஜாராமே சொல்லிவிட்டான்.

பாய் இப்போது சதுரங்கப்பட்டினத்தில் சர்பத் கடை வைத்திருந்தாலும், முன்பு படகுகளை ட்ரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டிருந்தவர். அவர் யாரையும் குறை சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் பேசினார். இழுக்கிற வண்டி சின்னதாக இருந்தால் பாரம் முன்னால்தான் இருக்க வேண்டுமாம். கடைசியில் வைத்தால் மூக்கு எழும்பி, வேகத்தில் வாலை இப்படியும் அப்படியும் அடிக்குமாம். ஆடினால் பிரேக்கைத் தொடக்கூடாது, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் அதுவே அடங்கிவிடுமாம்.

"மாட்டு வண்டி ஓட்டுன ஊருதானே இது. பின்பாரம்னா தெரியாதா ஒங்களுக்கு?"

தெரியாமல் என்ன. நெல் மூட்டை ஏற்றும்போது பின்பாரம், பின்பாரம் என்று அவள் அப்பா கத்தாத நாளே கிடையாது. கண்ணகி டிரம்மைப் பார்த்தாள். சொல்லாமலே விட்டுவிடலாம். ட்ரெய்லர் கை மாறிப் போனால் விஷயமும் அதோடு போய்விடும். யாருக்குத் தெரியப்போகிறது?

ட்ரெய்லரின் ஆர்சி புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்த ராஜாராம் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். தாள்கள் கசங்காமல் இருக்க ஒரு பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தான். அந்தப் பையைப் பார்த்ததும் அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"மாமா, அன்னிக்கி பாலத்துல ஆடுனது ஒன் கையால இல்ல. என் தண்ணியால. பின்பாரம் மாமா."

பாய் டயரைப் பார்க்கிற சாக்கில் அந்தப்பக்கம் போய்விட்டார். ராஜாராம் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டான். கத்துவான், ரெண்டு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"நாலு மாசமா மாத்திர துன்னுகினு கீறேன்டி," என்றான் மெதுவாக. "சோறு பெசையும்போதுகூட கையவே பாத்துகினு கீறேன்."

கத்தியிருந்தால் தேவலை.

ட்ரெய்லரை எடுத்துப்போக நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார் பாய். வேண்டாம், இப்போதே நானே இழுத்து வந்து விடுகிறேன் என்றான் ராஜாராம். டிரம்மை முன்னால் நகர்த்தித் திரும்பவும் தண்ணீர் ரொப்பச் சொன்னான். காலியாகவே போகட்டுமே என்றாள் அவள். ரொப்பு என்றான். குழாயைத் திறந்துவிட்டாள். அத்தனை தண்ணீரும் வாசல் மண்ணில் ஓடி முடிந்தது. மூன்று பேருமாகக் காலி டிரம்மை இழுத்து முன்னால் வைத்துக் கட்டினார்கள். மோட்டார் போட நேரம் பார்த்துக் கரண்டு இல்லை. குடம் குடமாகச் சேந்திச் சுமந்து ஊற்றினாள். தோள்பட்டை விட்டுப்போயிற்று. அவன் ஏர்க்காலை இரண்டு கையாலும் தம் பிடித்துத் தூக்கி மாட்டினான். கீழே சங்கிலியைக் குறுக்காகப் போட்டு, இழுத்து இழுத்துப் பார்த்தான். ஜெராக்ஸ் தாள்களைப் பாயிடம் கொடுக்கவில்லை. மொதல்ல ஓட்டிப் பாக்கறேன், அப்பறம் பேசிக்கலாம் என்று மடித்துத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டான்.

கண்ணகி ஈரப் புடவையோடு வண்டிக் கதவில் கை வைத்தாள். "நானும் வரேன்."

"வேணாம். நீ வந்தா என் கையதான் பாத்துகினு இருப்ப."

வண்டி கிளம்பியது. பாய் ஸ்கூட்டரில் பின்னால் போனார். வயல்களுக்கு நடுவே அந்த ரோடு ஒரே நேராகக் கிடக்கும், ரொம்ப தூரம் தெரியும். எதிரே ஒரு செங்கல் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து, உரசுவது போல அவர்களைக் கடந்தது. அந்தக் காற்றிலாவது அது ஒரே ஒரு தரம், லேசாகவாவது, ஆடித் தொலைக்கக்கூடாதா என்று இருந்தது அவளுக்கு. புழுதி அடங்கியது. கூவத்தூர்த் திருப்பம் வரைக்கும் ட்ரெய்லர் கோடு கிழித்தாற்போல நேராகவே போய்க்கொண்டிருந்தது.