கேக் பாட்டு

மகள் குளிக்கப் போன நேரம் பார்த்துத்தான் ரோண்டா அந்தக் காரியத்தைச் செய்தாள். ஓட்டல் கட்டிலின் மேல் கிடந்த கறுப்பு ஃபைலைத் திறந்தாள். கேக் பாட்டின் இசைத்தாள்களை உருவி, நாலாய் மடித்து, தன் கைப்பையில் இருமல் மிட்டாய்ப் பொட்டலத்துக்கு அடியில் செருகிக்கொண்டாள். திருட்டு என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. மார்ஸ்டன் கல்லூரிக்காரர்கள் முன்னால் மகள் பாடி முடித்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை, இதில் என்ன பெரிய குற்றம் என்றுதான் நினைத்தாள். தாய்மார்கள் செய்கிற அக்கிரமங்களில் பாதி இப்படி நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

பிப்ரவரி மாதக் குளிரில், அயோவாவிலிருந்து சிகாகோவுக்கு அம்மாவும் மகளும் காரில் வந்திருந்தார்கள். வருடா வருடம் நடக்கிற கூத்துதான். இசை நாடகம் சொல்லித்தரும் கல்லூரிகளெல்லாம் ஒரே ஓட்டலில் ஆளுக்கொரு அறையைப் பிடித்துக்கொள்ளும்; நாடகப் பைத்தியம் பிடித்த பிள்ளைகளெல்லாம் இடம் கேட்டுப் பாடிக்காட்டக் கதவுக்குக் கதவு ஏறி இறங்குவார்கள். பதினேழு வயது டெஸ்ஸாவுக்குப் பிற்பகலில் இன்னொரு கல்லூரியும் இருந்தது. ஆனால் அவள் மனசு முழுக்க மார்ஸ்டன் மேல்தான். அந்தக் கல்லூரியின் பெயர் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு மூன்று வருஷமாகத் தூங்குகிறவள் அவள்.

அவள் தயார் செய்திருந்த பாட்டுகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ஜன்னல் பாட்டு. கப்பலேறிப் போனவன் வருவானா என்று ஒருத்தி ஜன்னலோரம் நின்று உருகுவாள். இன்னொன்று கேக் பாட்டு. யாருக்கும் ஞாபகமில்லாத ஏதோ ஒரு பழைய நாடகத்தில், கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஓடிப்போய்விட, மணப்பெண் அத்தனை பெரிய கேக்கையும் தானே தின்று தீர்த்தபடி பாடுவாள். அவனுக்கு விழுகிற ஒவ்வொரு வசையும் கேக்கோடு பாதி விழுங்கப்பட்டு வெளியே வரும். டெஸ்ஸா நல்ல உயரம், அகலமான தோள், கனமான குரல். அந்தப் பாட்டை அவள் பாடினால் அப்பா கென்ட் கண்ணில் நீர் வரச் சிரிப்பான். வீட்டில் அவள் பழகி முடித்ததும், "கேக் சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பான்.

ரோண்டா சிரித்ததே இல்லை. டெஸ்ஸா ஆறாம் வகுப்பில் படிக்கும்போது, சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதையாக ஏறி நின்றாள். மேடைப் பலகை அவள் பாரம் தாங்காமல் படாரென்று உடைந்தது. கூடமே கொல்லென்று சிரித்தது. அன்றைக்குக் காரில் வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தது டெஸ்ஸா இல்லை, ரோண்டா. பிள்ளை என்னவோ உடைந்த பலகையிலேயே நின்று குனிந்து வணக்கம் வைத்து இன்னொரு முறை சிரிக்க வைத்துவிட்டுத்தான் இறங்கினாள். அந்தப் பகுதியை ரோண்டா வசதியாக மறந்துபோனாள்.

"எதம்மா முதல்ல பாடப்போற?" என்று ரோண்டா மகளைக் காரிலேயே கேட்டிருந்தாள்.

"உள்ள போய் அவங்க மூஞ்சியப் பாத்துட்டு முடிவு பண்றேன்."

"ஜன்னல் பாட்டுதான் உனக்கு அழகு, டெஸ்."

"அழகா இருந்து என்னத்தக் கிழிக்கப்போறேன்? அங்க வர்ற எல்லாப் பொண்ணும் ஏதாவது ஒரு ஜன்னல்கிட்ட நின்னுட்டுதான் அழப்போகுது."

அந்தப் பதில்தான் மறுநாள் காலை ரோண்டாவை ஃபைலைத் திறக்க வைத்தது.

மார்ஸ்டன் அறை ஒன்பதாவது மாடியில். தாழ்வாரம் நெடுக, பச்சை, ஊதா, சிவப்பு என்று பளிச்சென்ற ஒற்றை நிறக் கவுன்களில் பெண்கள். ஒருத்தி சுவரைப் பார்த்துக்கொண்டு உதட்டைப் படபடவென்று அடித்துக் குரலைச் சூடாக்கினாள். ஒருவன் தரையில் கிடந்து மூச்சு இழுத்தான். கதவுக்கு முன்னால் தரைவிரிப்பில் ஒரு நீல நாடா ஒட்டியிருந்தார்கள். பெற்றவர்கள் அதைத் தாண்டக் கூடாது. டெஸ்ஸாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு உள்ளே போனாள்.

பக்கத்து நாற்காலியில் டெனீஸ் என்று ஒருத்தி. மூன்றாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறவள், இந்தத் தாழ்வாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவள்.

"முதல் தடவையா?" என்றாள்.

"மூஞ்சியிலயே தெரியுதா?"

"பைய இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கீங்களே, அதுலயே தெரியுது. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. 'நன்றி'ன்னு சொன்னா கத முடிஞ்சுதுன்னு அர்த்தம். 'உன் ஃபைல்ல வேற என்ன இருக்கு'ன்னு கேட்டாங்கன்னா, மீன் தூண்டில்ல கடிச்சாச்சு. பிடிக்காத பிள்ளைகிட்ட அத அவங்க கேக்கவே மாட்டாங்க. அவங்களுக்கு ஏது நேரம்?"

ரோண்டா பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

ஓட்டல் கதவுகள் தடித்தவை அல்ல. உள்ளே ஓர் ஆண் குரல் கேட்டது: "அயோவாவா? பனி எப்படி அங்க?"

"எங்க ஊர்ல பனி இல்ல சார், பனிக்குள்ளதான் எங்க ஊர் இருக்கு. ஏப்ரல்ல தோண்டி எடுப்போம்" என்றாள் டெஸ்ஸா.

உள்ளே இரண்டு மூன்று பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு பியானோ. ஜன்னல் பாட்டு. எந்தப் பிசிறும் இல்லாமல், பாங்காய், பாடம் ஒப்பிக்கிற மாதிரி முடிந்தது. ரோண்டாவே ஒப்புக்கொண்டாக வேண்டும், அந்த ஜன்னலில் யாரும் நிற்கவில்லை.

"அழகா இருந்துச்சு" என்றது அந்தக் குரல். "ஆமா, நீ உள்ள வந்தப்போ எங்கள சிரிக்க வெச்சியே, அந்தப் பொண்ணு எங்க போனா? சிரிக்கற மாதிரி ஏதாவது உன் ஃபைல்ல இருக்கா?"

டெனீஸ் ரோண்டாவின் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "பாத்தீங்களா! கடிச்சாச்சு!"

"இருக்கு! இருக்கு!" என்று டெஸ்ஸா உள்ளே கிட்டத்தட்டக் கத்தினாள். தாள்கள் புரளும் சத்தம். மறுபடி புரளும் சத்தம். "இதுலதான் இருந்துச்சு. ஒரு நிமிஷம். இதுலதான் சார் வெச்சேன்."

ரோண்டா எழுந்துவிட்டாள். கைப்பைக்குள் கை போய், மடித்த தாள்களைப் பிடித்தும் விட்டது. நான்கு எட்டு வைத்தால் கதவு. தட்டி, 'இது எங்கிட்ட இருக்கு' என்று நீட்டினால் முடிந்தது. நீல நாடாவின் விளிம்பில் அவள் காலணி நின்றது. நாடாவைத் தாண்டக் கூடாது என்பதற்காக நின்றாள் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், அது எடுபடவில்லை. 'உன் கைக்கு அது எப்படி வந்தது' என்று மகள் கேட்பாளே, அதற்குத்தான் நின்றாள்.

"பியானோ இல்லாமப் பாடறேன்" என்றாள் டெஸ்ஸா.

ஆரம்பமே ஒரு கட்டை மேலே தூக்கிவிட்டது. இரண்டாவது வரியில் குரல் தடுமாறியது. வாய் நிறைய கேக் இருப்பதாகப் பாட வேண்டியவளின் வாயில் இப்போது பயம்தான் இருந்தது. மூன்றாவது வரியில் குரல் உடைந்து, நின்றுபோனது. யாரும் சிரிக்கவில்லை.

"பரவாயில்லம்மா" என்றது ஆண் குரல், கனிவாகவே. "வந்ததுக்கு ரொம்ப நன்றி."

டெனீஸ் தன் காலணியைப் பார்த்துக்கொண்டாள். மார்ஸ்டனிலிருந்து இல்லை என்று பதில் வந்தது மார்ச் மாதத்தில். ரோண்டாவுக்கு அந்தத் தாழ்வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

வெளியே வந்த டெஸ்ஸா அழவில்லை. "அம்மா, நான் ஒரு முட்டாள். அந்தப் பாட்ட வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன் போல. நீ கிளம்பும்போது எத்தன தடவ கேட்ட, எல்லாம் எடுத்துக்கிட்டியான்னு! சுரணையே இல்ல எனக்கு."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ரோண்டா மகளின் முதுகைத் தடவிக்கொடுத்து, "விடுடா கண்ணு, ஜன்னல் பாட்டு அழகா இருந்துச்சு" என்றாள்.

"ஆமா. அவங்களும் அதத்தான் சொன்னாங்க."

லிஃப்ட் நிரம்பி வழிந்தது. ஒரு பையன், "எப்படிப் போச்சு?" என்று கேட்டுத் தொலைத்தான். டெஸ்ஸா ஒரு கணம் யோசித்தாள். பிறகு காலையில் வாங்கி வைத்திருந்த மஃபின் என்ற சின்னக் கேக்கைப் பாதி கடித்து வாயில் அடைத்துக்கொண்டு, மார்ஸ்டன் அறையில் வராத அந்தப் பாட்டை அங்கேயே எடுத்துவிட்டாள். மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, தையற்காரன் எல்லோரும் மஃபின் தூளோடு வசை வாங்கினார்கள். அதுவரை விறைப்பாய் நின்ற ஓர் அப்பா சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தரைத்தளம் வந்து கதவு திறந்தும் யாரும் இறங்கவில்லை. கடைசி வரி முடிகிறவரை நின்று கேட்டார்கள்.

அதே பெரிய உடம்பு, அதே குரல். அவர்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவள் அவர்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் எனக்கு இது ஏன் காதில் விழவில்லை என்று ரோண்டா தன்னையே நொந்துகொண்டாள். தாள்கள் கைப்பைக்குள் கல்லாய்க் கனத்தன.

"அப்பாவுக்கு ஃபோன் போடறேன்" என்றாள் டெஸ்ஸா, இறங்கியதும். "என் மேஜையில தேடி ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன். கீழயே பிரிண்ட் எடுத்துட்டா மத்தியானத்துக்கு ஆச்சு."

"இரு இரு" என்று ரோண்டா பதறினாள். "முதல்ல நம்ம ரூம்ல பாத்துட்டு வரேன். கட்டிலுக்கு அடியில விழுந்திருக்கும்."

மேலே போனாள். கட்டில் விளிம்பில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். இறங்கி வந்து, கூடத்தில் உட்கார்ந்திருந்த மகளிடம் தாள்களை நீட்டினாள். "சொன்னேன்ல? கட்டிலுக்கு அடியிலதான் கிடந்துச்சு."

"அப்பாடா!" டெஸ்ஸா முகம் மலர்ந்து வாங்கினாள். அந்த மலர்ச்சி பாதியிலேயே நின்றது.

இசைத்தாளை மடிக்கக் கூடாது. மடித்த தாள் பியானோ மேல் நிற்காது, வாசிக்கிறவர் முகத்தில் எழும்பி அடிக்கும். பாட்டு வாத்தியாரிடம் போன முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது அதைத்தான். இந்தத் தொழிலில் இருக்கிற எந்தப் பிள்ளையும் சாப்பாட்டை மறக்கும், தாளை மடிக்காது. டெஸ்ஸா மடிப்பைப் பார்த்தாள். தாளை மூக்கருகே கொண்டுபோனாள். தேனும் எலுமிச்சையும் கலந்த இருமல் மிட்டாய் வாசம். அம்மாவின் கைப்பையைப் பார்த்தாள்.

"எப்ப எடுத்த?"

ரோண்டாவுக்கு இனிப் பொய் வரவில்லை. "நீ குளிக்கும்போது."

"நான் உள்ள தேடிட்டு இருந்தப்ப நீ கதவுகிட்டதான இருந்த?"

"ம்."

"நான் தேடினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

டெஸ்ஸா தாள்களை முழங்கால் மேல் வைத்து, உள்ளங்கையால் நீவி நீவி மடிப்பை எடுக்கப் பார்த்தாள். அது போகவில்லை. "ஏம்மா?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் ரோண்டாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"உன்னப் பாத்து சிரிச்சிடுவாங்கன்னு பயமா இருந்துச்சு, டெஸ்."

"சிரிக்கணும்மா. அதுக்குத்தாம்மா அந்தப் பாட்டு."

பிற்பகல் நேரம் வந்தது. டெஸ்ஸா கவுனைச் சரிசெய்துகொண்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தாள். ரோண்டாவும் வழக்கம்போலத் தண்ணீர் பாட்டிலும் மேல்கோட்டுமாய்ப் பின்னாலேயே போனாள். டெஸ்ஸா திரும்பி, பாட்டிலையும் கோட்டையும் அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"நீ கீழயே இரும்மா" என்றாள்.

"கதவுகிட்ட வரல. தள்ளியே நிக்கறேன்."

"வேணாம்மா. கீழயே இரு."

லிஃப்ட் கதவு மூடியது. ரோண்டா கூடத்துச் சோபாவில் வந்து உட்கார்ந்தாள். கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுற்றிலும் முன்பின் தெரியாத பிள்ளைகள் முனகிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வேண்டிய ஒரே குரல் பல மாடிகளுக்கு மேலே இருந்தது. ஃபோன் அடித்தது. கென்ட்.

"என்னாச்சு? கேக் சாப்பிட்டாளா?"

"இப்பதான். மேல பாடிட்டு இருப்பா."

"சிரிக்கறாங்களா? ஃபோனக் கொஞ்சம் கதவுகிட்டப் பிடியேன், நானும் கேக்கறேன்."

ரோண்டா தலையைத் தூக்கி மேல்கூரையைப் பார்த்தாள்.

"எனக்கும் கேக்கல, கென்ட்" என்றாள். "நான் கீழ இருக்கேன்."