நோன்பு திறந்தபின் எடுத்த ரத்தம்

அரக்கோணம் தாண்டும்போதே இடது கால் மரத்துப்போனது. காட்பாடியில் இறங்குவதற்குள் உமைமாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தமானில் டைவிங் சொல்லிக்கொடுப்பவளுக்கு இதுகூடத் தெரியாதா? ஆழத்திலிருந்து ஏறியவர்கள் ஒரு நாளாவது போகாமல் விமானம் ஏறக்கூடாது. ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல ரத்தத்தில் குமிழி கிளம்பும். மேனேஜர் வில்சன்தான், "கூட்டம் ஜாஸ்தி, கடைசியா ஒரு தடவை" என்று நேற்று சாயங்காலம் கடலில் இறக்கிவிட்டார். இவளும் நோன்போடு இறங்கித் தொலைத்தாள். விடிந்ததும் ஊருக்கு வர சென்னை விமானமும் ஏறிவிட்டாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரிசில்லா காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, நீர் வற்றி ரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஊசி எடுத்தார். ஆம்பூரிலிருந்து ஓடிவந்த அம்மா அக்தரி பேகம் குறுக்கே நின்றாள்.

"ரத்தம் எடுத்தா நோன்பு முறிஞ்சிடும். பொழுது சாஞ்சு மக்ரிப் ஆகிற வரைக்கும் இருக்கட்டும் டாக்டரம்மா."

முறியாது என்று டாக்டர் சொல்லியும் அம்மா கேட்கவில்லை. கொஞ்ச நேரந்தானே என்று உமைமாவும் விட்டுவிட்டாள். பாங்கு சொன்னதும் இரண்டு கிண்ணம் நோன்புக் கஞ்சி, வயிறு முட்டத் தண்ணீர். வற்றிய நீர் ஏறியபிறகு எடுத்த ரத்தம் சமர்த்தாக நார்மல் என்று வந்தது.

"நார்மல்னா குமிழி இல்லன்னு அர்த்தமில்லம்மா. கால் சொல்றதைத்தான் நம்பணும்," என்றார் டாக்டர். "குமிழியைக் கரைக்கிற அழுத்த அறைக்கு இப்பவே சென்னை போகணும். லேட்டானா கால் திரும்பாது."

ரிப்போர்ட்டைப் போனிலேயே அனுப்பச் சொல்லி வாங்கியிருந்த வில்சன் உடனே போன் செய்தார். உமைமா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நார்மல்தானே? தண்ணியில எறங்கி ரெண்டு நாளாச்சுன்னு டாக்டர்கிட்ட மாத்திச் சொல்லிடு. இல்லேன்னா எந்த டைவிங் ஸ்கூல்லயும் உன்னை எறங்க விடமாட்டேன்."

மாற்றிச் சொன்னால் குமிழி இல்லையென்று சென்னைக்கு அனுப்பமாட்டார்கள், கால் போகும். சொல்லாவிட்டால் கடல் போகும். உமைமா போனை வாய்க்கருகே இழுத்தாள்.

"மாட்டேன் சார். நேத்து எறக்குனது நீங்க. எங்க கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். இன்னா பண்றீங்களோ பண்ணிக்கோங்க."

"அப்ப கடலை மறந்துடு."

மகள் கடலை விட வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்டவள் அக்தரி பேகம். இதுதான் சாக்கு என்று சும்மா இருந்துவிடுவாளோ என்று உமைமா பயந்தாள். அம்மா போனைப் பிடுங்கினாள்.

"இன்னாய்யா மறக்கிறது? கடல் இன்னா உங்கப்பன் வீட்டுச் சொத்தா? புத்திகெட்டு ஊசியைத் தடுத்து நார்மல்னு வரவெச்சது நான். அதுக்கு எம் பொண்ணு கால் ஏன் போகணும்? நல்லாகி வருவா, உன் கண்ணு முன்னாடியே எறங்குவா. நான் கரையில நிக்கிறேன். எவன் தடுக்கிறான்னு பார்த்துடுறேன்!"