மாடிக்குப் போகும் வழி

என் அக்கா நடத்தும் பள்ளியில் வகுப்புகள் கிடையாது. கீழே ஓர் அறை, மாடியில் ஓர் அறை, அவ்வளவுதான். கீழே நாலு வயதும் பத்து வயதும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும். பெரியது சின்னதுக்குச் சொல்லிக் கொடுக்கும். பெரியவர்கள் மூக்கை நுழைக்கக் கூடாது, பதிலும் சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். "குழந்தைங்களே முடிவெடுப்பாங்க" என்று சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ அவள்தான் குழந்தைகளையே கண்டுபிடித்த மாதிரி இருக்கும்.

மாடிக்குப் போக விரும்பும் குழந்தை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தானே எழுந்து கேட்க வேண்டும். கீழறைப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் கை தூக்கினால் போகலாம். அக்கா மகன் போன வருடமே போய்விட்டான். கீழே இருந்தவரை யாருக்கும் ஒரு பென்சில் சீவிக் கொடுத்தவன் இல்லை. "அண்ணன் மேல போனா எவ்வளவு சந்தோஷப்படுவான், இல்ல?" என்று அக்கா கேட்டாள். விட்டது தொல்லை என்று அத்தனை கைகளும் உயர்ந்தன.

என் மகளுக்கும் மாடி வேண்டும். அங்கேதான் மைக்ராஸ்கோப் இருக்கிறது. வீட்டில் வெங்காயச் சருகைக் கூட விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஆனால் கீழே அவள்தான் எல்லாருக்கும் அக்கா. ஷூ லேஸ் கட்டுவது, ஜிப் போட்டுவிடுவது, மூக்கைத் துடைப்பது, கழித்தல் கணக்கு எல்லாம் அவள் தலையில்தான். சுண்டெலி என்று ஒரு பொடிப்பெண் உண்டு. அது என் மகளைத் தவிர வேறு யாரிடமும் காலை நீட்டாது.

மருந்துக்கடை வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு அந்த வெள்ளிக்கிழமை நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பெற்றோர் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது.

"நான் மேல போகணும். மைக்ராஸ்கோப்புல பார்க்கணும்" என்றாள் என் மகள்.

மளமளவென்று கைகள் எழுந்தன. எனக்கு உயிர் வந்தது. அப்போது அக்கா தேன் ஒழுகக் கேட்டாள்: "இவ போயிட்டா உங்களுக்கு லேஸ் யாரு கட்டிவிடுவா?"

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சுண்டெலி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டது.

வராந்தாவில் அக்காவைப் பிடித்தேன். "ஏன்க்கா இப்படிப் பண்ணின?"

"நான் என்னடி பண்ணினேன்? ஒரு வார்த்தை சொன்னேனா? கேள்விதானே கேட்டேன்."

"உன் பையனுக்கு வேற கேள்வி கேட்டியே."

"அவன் வேற, இவ வேற. இவ இல்லாம கீழ ஒரு நாள் ஓடாது. அவளுக்குள்ள ஒரு தலைவி வளர்றாடி. மைக்ராஸ்கோப் எங்க ஓடிடப் போகுது?"

மூக்குத் துடைக்கும் தலைவி! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. வீட்டுக்கு வந்ததும், "வேற ஸ்கூல்ல சேர்த்துடட்டுமா?" என்று மகளிடம் கேட்டேன்.

"வேணாம்மா. நானே பார்த்துக்கறேன்" என்றாள். அழக்கூட இல்லை.

அடுத்த வாரம் அக்காவிடமிருந்து போன். "உன் பொண்ணுக்கு என்ன ஆச்சு? சின்னதுங்க ஜிப் போடச் சொல்லி வந்தா, 'உனக்கு என்ன தோணுது?'ன்னு கேட்டுட்டுத் திரும்பிக்கறா. இன்னிக்குச் சுண்டெலி காலை நீட்டினா, ரெண்டு லேஸையும் சேர்த்து முடிச்சுப் போட்டுட்டா. அது விழுந்து உதட்டைக் கிழிச்சுக்கிச்சு."

மகளை உட்கார வைத்து விசாரித்தேன், திட்டினேன், கெஞ்சியும் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு வெங்காயச் சருகை உரித்துக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை நான் பின்வரிசையில் இருக்க, மறுபடியும் எழுந்து நின்றாள். அக்கா அதே கேள்வியைக் கேட்டாள், அதே தேன் குரலில். முதலில் எழுந்த கை சுண்டெலியுடையது. உதடு இன்னும் வீங்கியிருந்தது. அதன் பிறகு ஒரு கை பாக்கியில்லை.

அக்கா என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "பார்த்தியா? குழந்தைங்களே முடிவெடுத்துட்டாங்க."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சுண்டெலியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், "அந்தச் சின்னதுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்? உனக்குப் பாவமா இல்லையா?" என்று கேட்டேன்.

"பாவம்தாம்மா" என்றாள். பிறகு எனக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள் மாதிரி, பொறுமையாகச் சொன்னாள்: "ஆனா வலிச்சாத்தானே கை தூக்குவா."