போன வருஷத்து வடக்கு

சிப்பித்துறையில் வடக்கு காலை ஆறு மணிக்குக் கொடுக்கப்படும். துறை அலுவலகத்தின் மரத்தட்டுகளில், மூடி போட்ட தகரப் பெட்டிகளில், வடக்குகள் வரிசையாக இருக்கும். கடலுக்குப் போகிறவர் கையெழுத்துப் போட்டு ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவித் திருப்பித் தர வேண்டும். உப்புப் பூத்த வடக்கை அலுவலகம் வாங்காது.

ஆண்களுக்கு வள்ளத்துக்கு ஒரு வடக்கு. பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குப் பதினோரு வள்ளத்துக்கும் சேர்த்து ஒரே வடக்கு. அது முதல் வள்ளத்தில் இருக்கும். மற்ற பத்து வள்ளங்களும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகும். முதல் வள்ளத்துக்காரிக்குத் தலைவலி என்றால் பதினோரு குடும்பத்துக்கும் அன்று தலைவலிதான்.

ஜெனோவாவுக்கு இருபத்திரண்டு வயது. அவள் அம்மா பிளோராவின் வள்ளம் வரிசையில் ஏழாவது. பிளோரா முந்தின நாள் கடலுக்குள் இருக்கும் ஆமைத்திட்டில் இறங்கி, பாசியைக் காயவைக்கத் தங்கிவிட்டாள்; வள்ளத்தை ஜெனோவா வரிசையோடு கரைக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்குத் திட்டிலிருந்து போன் வந்தது.

“தண்ணிக் கேன் உடைஞ்சு போச்சு பிள்ள. மூணு மணிக்குக் கச்சான் காத்து ஏறும்னு ரேடியோல சொல்லுதான். ஏறிட்டா ரெண்டு நாளைக்கு ஒரு வள்ளமும் இங்க ஒட்டாது.”

“நான் வாறேன்.”

“எதை வச்சு வருவ? பொம்பளைங்க வடக்கு இன்னிக்குக் கிழக்குப் பாருக்குல்லா பாசி எடுக்கப் போயிருக்கு.”

ஜெனோவா போனை வைத்துவிட்டு அலுவலகத்துக்கு நடந்தாள். எழுத்தர் திபூர்சியான் மேசையில் ஒரு வடக்கைப் பிரித்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஒரு வடக்கு வேணும்.”

“வெளிய போயிருக்கு பிள்ள. சாயங்காலம் வா.”

“பின்னால தட்டுல ஏழு இருக்கே.”

“அது ஆம்பளைங்களுது.”

“அந்த ஏழு பேரும் வீட்டுல படுத்துக் கிடக்காங்க. அவங்க வடக்கு இங்க படுத்துக் கிடக்கு. எங்கம்மா திட்டுல குடிக்கத் தண்ணி இல்லாம உக்காந்திருக்கா. இது எந்த ஊர் நியாயம்?”

திபூர்சியான் விதிப் புத்தகத்தை எடுத்து, விரலை எச்சில் படுத்தி, நிதானமாகப் புரட்டினார்.

“வடகிழக்கு தரலாம். பொம்பளைங்களுக்கு வடகிழக்கு குடுக்கக்கூடாதுன்னு எங்கயும் போடல.”

“வடகிழக்கை வச்சுக்கிட்டு நான் எங்க போக?”

“போற இடத்துக்குப் பக்கத்துல போலாம்.”

“எங்கம்மா பக்கத்துல இல்ல அண்ணாச்சி. திட்டுல இருக்கா.”

இதை அவரால் மறுக்க முடியவில்லை. மறுக்க முடியாததை மறுக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கீழ் இழுப்பறையைத் திறந்து, துணி சுற்றிய ஒரு பெட்டியை எடுத்தார்.

“போன வருஷத்து வடக்கு. மேற்க ஒரு விரக்கட தள்ளியிருக்கும், கழிச்சுக்கோ.”

“எங்களுக்குன்னா பழசுதானா?”

“பழசுக்கு ஆம்பள பொம்பளன்னு விதி எழுதல. அதான் இருக்கு. எடுத்துட்டுப் போயிட்டுப் பெட்டியோட கொண்டா.”

அந்தப் பதில் ஜெனோவாவுக்குப் பிடிக்கவில்லை. அதற்கு அவளிடம் நான்கு பதில்கள் இருந்தன. ஆனால் மணி பத்தரை. நான்கையும் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டாள்.

வள்ளத்தில் அவள் எதையும் அவசரமாகச் செய்யவில்லை. லைஃப் ஜாக்கெட்டின் மூன்று கொக்கிகளையும் மாட்டினாள். அம்மாவுக்கு ஒன்றை எடுத்துவைத்தாள். தண்ணீர்க் கேன் இரண்டு, துடுப்பு இரண்டு, நங்கூரம், மாற்று பிளக், ஸ்பேனர் எல்லாம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். எஞ்சினுக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் ரப்பர்க் குமிழைக் கல்லாகும்வரை அமுக்கினாள். ஆள் கடலில் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டினாள். எஞ்சின் இரண்டாவது இழுப்பில் பிடித்தது. அதன் பக்கத் துளையிலிருந்து அதைக் குளிரவைக்கும் தண்ணீர் நூல்போலப் பீய்ச்சி விழுவதைப் பார்த்த பிறகுதான் கிளம்பினாள்.

ஆமைத்திட்டு நேர் தெற்கே. வடக்கு காட்டுவதற்கு எதிர்ப்பக்கம் பார்த்து, அதிலிருந்து வலது பக்கம் ஒரு விரற்கடை, அதாவது ஒரு விரல் அகலம், தள்ளி வள்ளத்தை விட்டாள். ஒரு மணி நேரம் நன்றாகப் போனது. கரை மறைந்தது. அப்போது பக்கத் துளையில் தண்ணீர் பீய்ச்சுவது நின்றது.

உடனே எஞ்சினை அணைத்தாள். வள்ளம் இழுபடாமல் நங்கூரம் போட்டாள். எஞ்சினைத் தூக்கிச் சாய்த்து, தண்ணீர் உறிஞ்சும் சல்லடையை ஸ்பேனரால் கழற்றினாள். உள்ளே பாசி, பட்டுத்துணிபோல அடைத்திருந்தது. வழித்து எறிந்து, சல்லடையை மாட்டி, ஸ்பேனரைப் பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் வைத்தாள்.

அது வடக்கு இருந்த பெட்டி.

வடக்கின் பக்கத்தில் இரும்பு வைக்கக்கூடாது என்று அலுவலகச் சுவரில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. ஆண்கள் நிற்கும் வரிசைக்கு எதிரே எழுதியிருக்கிறது. பெண்கள் நிற்க வரிசையே இல்லை. ஒருத்தி போய் வாங்கிவருவாள், பத்துப் பேர் கடற்கரையில் நிற்பார்கள். ஏழாவது வள்ளத்தில் ஸ்பேனரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அங்கே எந்த நாளும் வடக்கு இருந்ததில்லை.

ஜெனோவா மூடியைத் திறந்தபோது பெட்டி காலியாக இருந்தது. வடக்கு ஸ்பேனரில் ஏறிவிட்டது. ஸ்பேனரை இடது கைக்கு மாற்றினாள். வடக்கு இடது பக்கம் வந்தது. வலது கைக்கு மாற்றினாள். வலது பக்கம் வந்தது. கச்சான் காற்று மேற்கிலிருந்து லேசாகத் தொட ஆரம்பித்திருந்தது. சூரியனும் அவள் கையைப் பார்த்துக்கொண்டு இரண்டு தரம் இடம் மாறி நின்றது.

அவள் யோசித்தாள். வடக்கு பின்னால் இருந்தால் தெற்கு முன்னால் இருந்தாக வேண்டும். ஸ்பேனரை எடுத்துப்போய் வள்ளத்தின் பின்கட்டையில், நடுவிலிருந்து ஒரு விரற்கடை வலது பக்கமாகத் தள்ளி, கயிற்றால் கட்டினாள். நங்கூரத்தை எடுத்து எஞ்சினை இழுத்தாள். தண்ணீர் பீய்ச்சியது. அதற்குப் பிறகு அவள் எந்தப் பக்கம் திருப்பினாலும் வள்ளம் தெற்கேதான் போனது. பாறைக்காக ஒருமுறை முழு வட்டமே அடித்தாள். வட்டமும் தெற்கேதான் போனது. பன்னிரண்டரை மணிக்கு ஆமைத்திட்டு வள்ளத்தின் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

பிளோரா அரைக் கேன் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு வள்ளத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

“வடக்கு எங்கடி?”

“ஸ்பேனர்ல.”

“கட்டு நல்லா இருக்கா?”

“ரெட்டை முடிச்சு.”

“சரி, ஜாக்கெட்டைக் குடு.”

பாசி மூட்டைகளைக் கனம் ஒரு பக்கம் சாயாமல் நடுவில் அடுக்கினார்கள். ஜெனோவா ஸ்பேனரை அவிழ்த்து முன்மூக்கில் கட்டினாள். இந்தமுறை ஒரு விரற்கடை இடது பக்கம். கச்சான் ஏறும்போது அவர்கள் துறைக்குள் இருந்தார்கள்.

திபூர்சியான் காலிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஸ்பேனரைப் பார்த்தார். அதைத் தன் மேசையில் வைத்தார். வடக்கு மேசையில் இருந்தது.

“இதை நான் வாங்க முடியாது பிள்ள. பெட்டியில உள்ளதைத்தான் வாங்கணும்னு விதி.”

“பெட்டியில ஒண்ணும் இல்லையே.”

“அதான். ஒண்ணும் இல்லாததை வாங்கிட்டேன்னு கையெழுத்துப் போடுதேன்.”

“ஸ்பேனர் யாருது?”

“ஸ்பேனர் ஒன்னுதுதான். அதுல எனக்கு என்ன பேச்சு.”

“அப்போ ஏழாவது வள்ளத்துக்கு ஒரு வடக்கு இருக்குன்னு எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார். காலையில் சொல்லாமல் விட்ட நான்கு பதில்களையும் ஜெனோவா நின்று நிதானமாகச் சொன்னாள். அவர் நான்குக்கும் தலையாட்டினார். இழுப்பறையில் இன்னும் பத்து வருஷத்து வடக்குகள் இருப்பதாகவும், மற்ற பத்து வள்ளத்துக்காரிகளும் ஆளுக்கொரு ஸ்பேனரோடு வரலாம் என்றும் சொன்னார்.

பிளோரா ஸ்பேனரை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, அடுப்பங்கரைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் காலையில் சூரியன் அந்தச் சுவருக்கு வலது பக்கம், ஒரு விரற்கடை தள்ளி, பக்கத்து வீட்டுச் செபமாலை அக்காவின் கூரைமேல் உதித்தது. பிளோரா கருவாட்டுப் பாயைப் பின்வாசலிலிருந்து இழுத்துவந்து அந்தப் பக்கம் விரித்தாள். கொஞ்ச நேரத்தில் செபமாலை அக்கா வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

“ஏ ஜெனோவா, அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் தள்ளி மாட்டேன். தொட்டில்ல பிள்ள முகத்துக்கு நேர வெயில் அடிக்கி.”

“எவ்வளவுக்கா?”

“நாலு விரக்கட போதும்.”

ஜெனோவா சுத்தியலை எடுத்து ஆணியைப் பிடுங்கினாள்.