முகமதிப்பு

பையைக் கவிழ்த்ததும் கண்ணாடி மேசை முழுக்கச் சின்னச் சின்ன அட்டை உறைகள் சரிந்தன. நாணயக் கடைக்காரருக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. ஒவ்வொரு உறையின் மூலையிலும் சிவப்பு மையில் ‘அரிது’ என்று எழுதியது அவரேதான். ஒன்பது வருடமாக ஞாயிறு தவறாமல் வந்து வாங்கிப்போனவர் ஆஸ்பத்திரி லிஃப்ட்காரர். “வருஷத்துக்குக் கீழ இருக்கற புள்ளியப் பாருங்க, இது லேசுல கிடைக்காது” என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். பேரம் பேசியதே இல்லை. ஆசைப்பட்டு வாங்குகிறார், நாம் கொடுக்கிறோம், இதில் என்ன தப்பு என்று கடைக்காரர் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

எதிரே நின்றவள் அந்த லிஃப்ட்காரரின் மனைவி. காதில் பொட்டுத் தங்கம் இல்லை.

“அவரு போயி ரெண்டு மாசமாச்சுங்க. குவார்ட்டர்ஸக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நான் இல்லாட்டியும் இது உன்னைக் காப்பாத்தும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. என் தோட்டைக்கூட இதுக்குத்தான் கழட்டிக் கொடுத்தேன். எங்க வாங்கினாருன்னு மட்டும் சொன்னதில்ல. உங்க போர்டப் பார்த்துட்டு ஏறி வந்தேன்.”

நேரத்தைக் கடத்துவதற்காக அவர் நாலைந்து காசுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல கை மாறித் தேய்ந்த காசுகள்.

“எல்லாம் புழக்கத்துல இருக்கற காசும்மா. கடையில கொடுத்தா என்ன மதிப்போ, அதான்.”

“ஒண்ணுகூடவா தேறாது?”

“தேறாதும்மா.”

அவள் அழவில்லை. உறைகளை ஒவ்வொன்றாக, தலைப்பக்கம் மேலே இருக்கும்படி பார்த்துப் பார்த்துப் பைக்குள் அடுக்கினாள். அந்தப் பதனம்தான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டு நோட்டை எடுத்து வைத்தார்.

“இருங்க. மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன். வீட்டு அட்வான்ஸுக்கு ஆகும்.”

அவள் கை நின்றது. நோட்டுக் கட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஒண்ணும் தேறாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?”

“உங்க நெலமயப் பார்த்து...”

“என் நெலமயப் பார்த்து இதுவரைக்கும் யாரும் பத்துக் காசு கொடுத்ததில்லீங்க.” வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். “அப்ப அவரு சொன்னது நெசந்தான். நல்லவேள, ஏமாந்திருப்பேன்.”

“அம்மா, நான் சொல்றதக் கேளுங்க...”

‘நான்தான் விற்றேன்.’ இரண்டே சொல். அதைச் சொல்லாமல் நோட்டுக் கட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“வேணாங்க. தெருவுல படுத்தாலும் சரி, இத இனி யாருக்கும் கொடுக்கமாட்டேன்.”

மிச்ச உறைகளை வாரிப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அவர் ஜன்னலருகே வந்து நின்றார். கீழே வண்டிகள் நெரியும் சாலையில், பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்தபடி அவள் குறுக்கே நடந்தாள். ஒரு வேன் ஒலியெழுப்பி நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது.