மச்சாளுக்குத் தெரியாமல் இரண்டு நாள்

கோப்பன்ஹேகனுக்கு எத்தனை தரம் போயிருக்கிறாய் என்று கேட்டால், கணக்கில்லை என்பாள் மேரிகிறேஸ். அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டால்தான் வில்லங்கம். அவள் பார்த்ததெல்லாம் புறநகர் புரொண்பியில் ஒரு வீட்டு விறாந்தை, அங்கிருந்த பெரிய சோபா, சில கலியாண மண்டபங்கள். தாங்கள் இருக்கும் எஸ்பியர்க்கிலிருந்து மூன்று மணித்தியாலம் ரெயிலில் போய், புட்டும் நண்டுக்கறியும் மூக்குமுட்டச் சாப்பிட்டு, மிச்சத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு திரும்பி வருவதற்குத்தான் அவர்கள் வீட்டில் 'கோப்பன்ஹேகன் போய் வந்தது' என்று பெயர்.

புரொண்பி வீடு யூலியானாவுடையது. மேரிகிறேஸின் கணவன் ஸ்ரனிஸ்லாஸுக்கு ஒரே அக்கா, அவளுக்கு மச்சாள். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் லண்டனில். சொந்தத்தில் யார் தலைநகருக்கு வந்தாலும் அந்த வீட்டில்தான் தங்க வேண்டும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறிப் பார்த்தால் தெரியும். பிரெடெரிசியாவிலிருந்து வந்த ஒரு சொந்தக் குடும்பம் ஒருமுறை ஹோட்டலில் தங்கிவிட்டுப் போனது. அக்கா வீடு இருக்க ஹோட்டலா என்ற அந்தக் கதை டென்மார்க்கிலுள்ள தமிழ் வீடெல்லாம் சுற்றி, இன்னும் ஓய்ந்தபாடில்லை.

மேரிகிறேஸுக்கு வேலை முதியோர் இல்லத்தில். தினமும் மத்தியானம் கறுத்தப் பாணில் பட்டர் பூசி, அதன்மேல் ஊறவைத்த மீனோ, முட்டையும் இறாலுமோ வடிவாக அடுக்கி, டெனிஷ் கிழவர்களுக்கு முன்னால் வைப்பாள். 'ஸ்மொறபுறோ' என்று அவர்கள் உயிரை விடும் சாப்பாடு. எத்தனை வடிவாக அடுக்கினாலும் அது இன்னொருவர் வாய்க்குத்தான். அதை ஒருநாள், தண்ணீர்க் கரையில், வெள்ளைத்துணி விரித்த மேசையில், வேறு யாரோ கொண்டுவந்து வைக்க, தான் சும்மா உட்கார்ந்திருந்து சாப்பிட வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஆனால் அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

"ஒரு சனி ஞாயிறு. ஹோட்டலிலை நிண்டு, ஊரைப் பாத்து, கடையிலை சாப்பிட்டிட்டு வருவம்" என்றாள் ஒருநாள்.

"அக்காவுக்குத் தெரிஞ்சால்?" ஸ்ரனிஸ்லாஸின் முகம் செத்துப்போனது.

"தெரிய விட்டால்தானே."

வழக்கம்போல அக்கா வரச்சொல்லிக் கேட்க, அவன் தொலைபேசியில், "இந்தச் சனி கிறேஸுக்கு வேலை, அக்கா" என்று ஒரு பொய்யைச் சொன்னான். அக்காவிடம் அவன் சொன்ன முதல் பொய்யாக இருக்க வேண்டும். காது இரண்டும் சிவந்துவிட்டன.

சனிக்கிழமை நன்றாகத்தான் போனது. கறுவாப் பணிஸ் வாங்கி நடந்தபடியே தின்றார்கள். அரண்மனையில் ராசாக்களின் கிரீடங்களைப் பார்த்தார்கள். கடற்கன்னி சிலைக்கு முன்னால் ஒரு கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருக்க, ஸ்ரனிஸ்லாஸ் தலையைச் சொறிந்தான்.

"இதுக்கோ இவ்வளவு சனம்? எங்கடை எஸ்பியர்க் கடற்கரையிலை நாலு வெள்ளை மனிசச் சிலையள் இருக்கு, ஒவ்வொண்டும் மாடி வீட்டு உயரம். இது குளிக்க வந்த சின்னப் பிள்ளை மாதிரியெல்லோ கிடக்கு."

மேரிகிறேஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எங்காவது கறுத்தத் தலை தெரிந்தால் மட்டும், தமிழாக்களோ என்று கையை உதறிவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். நீஹவுன் வாய்க்கால் கரையில் அவள் பார்த்து வைத்திருந்த சாப்பாட்டுக் கடை நிரம்பி வழிந்தது. ஞாயிறு மத்தியானத்துக்குத்தான் மேசை கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை காணாமல் இருக்க முடியுமா? பொய் சொல்லி ஊர் பார்க்கலாம், பூசையைத் தவறவிட முடியாது. அவர்களுடைய விசுவாசம் அந்த ரகம். ஹோட்டலுக்குப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலில் டெனிஷ் பூசை. நம்மவர்கள் தமிழ்ப் பூசைக்குத்தான் போவார்கள், இங்கே யார் வரப் போகிறார்கள் என்று தைரியமாக நடு வரிசை வாங்கில் போய் உட்கார்ந்தார்கள்.

ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவியுங்கள் என்றார் சுவாமி. மேரிகிறேஸ் கணவனுக்குக் கை கொடுத்தாள், பக்கத்திலிருந்த டெனிஷ் மனுசிக்குக் கொடுத்தாள், பின்வரிசைப் பக்கம் திரும்பிச் சிரித்த முகத்தோடு கையை நீட்டினாள்.

நீட்டிய கையை யூலியானா பிடித்தார்.

"சமாதானம்" என்றார் தமிழில்.

மேரிகிறேஸ் கையை இழுத்துக்கொண்டு முன்பக்கம் திரும்பினாள். மற்றவர்கள் நற்கருணை வாங்கி நன்மை எடுக்கப் போக, பொய்யைச் சுமந்துகொண்டு அவள் எழும்பவேயில்லை. பின்னுக்கு இருக்கிற மச்சாளின் பார்வை முதுகைச் சுட்டது.

வெளியே, படியடியில் மூவரும் நின்றார்கள்.

"நன்மை எடுக்கேல்லைப் போலை" என்றார் யூலியானா. பிறகு, "எங்கை நிக்கிறியள்?"

"ஹோட்டலிலை, அக்கா" என்றான் ஸ்ரனிஸ்லாஸ், தன் சப்பாத்தைப் பார்த்தபடி.

"என்ரை வீட்டிலை என்ன குறை கண்டனீங்கள்?"

குரல் உயரவில்லை, உடைந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மேரிகிறேஸுக்கு அழுகை வந்தது.

"ஒரு குறையும் இல்லை மச்சாள். இவர் மாட்டன் எண்டுதான் சொன்னவர், நான்தான் நிண்டு பிடிச்சனான். எனக்கு ஒருக்கா இந்த ஊரைப் பாக்கோணும் போலை இருந்தது. உங்கடை வீட்டை வந்தால் நீங்கள் விடியவே எழும்பிச் சமைச்சு வைச்சிருப்பியள். வெளியிலை போறம் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது."

யூலியானா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றார்.

"நான் மட்டும் பாத்தனானோ?" என்றார் கடைசியில். "கிழமைக்குக் கிழமை ஆராவது வருவினம். எனக்கு அடுப்படியும் கழுவுற தொட்டியும்தான் கோப்பன்ஹேகன். ஆக்கள் வராத ஞாயிறிலைதான் இந்தப் பூசைக்கு வந்து, கரை வழிய ஒரு நடை நடந்திட்டு வீட்டை போறனான்."

"கடையிலை ஏதும் சாப்பிடுறேல்லையோ?" என்று கேட்டாள் மேரிகிறேஸ்.

"தனிய ஒரு பொம்பிளை போய் இருந்து சாப்பிடுறதோ? ஆரும் தமிழாக்கள் கண்டால் என்ன நினைப்பினம்?"

மேரிகிறேஸ் அவரைப் பார்த்தாள். தான் நேற்று முழுவதும் யாருக்குப் பயந்து ஒளிந்தாளோ, அந்த மனுசியும் அதே தமிழாக்களின் கண்ணுக்குப் பயந்துதான் திரிந்திருக்கிறார். அவள் மச்சாளின் கையைக் கோத்துப் பிடித்தாள். "வாங்கோ. மேசை இருக்கு" என்றாள்.

இரண்டு பேருக்கான மேசைக்கு மூன்றாவது கதிரை வந்தது. ஸ்மொறபுறோத் தட்டுகளும் வந்தன. யூலியானா உடனே எழும்பி, தன் தட்டிலிருந்த பொரித்த மீனைத் தம்பியின் தட்டுக்கு மாற்றப் போனார். பிறகு தண்ணீர் எடுத்து ஊற்றப் போனார். மேரிகிறேஸ் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து அமர்த்தினாள்.

"இருங்கோ மச்சாள். அதுக்கு ஆக்கள் இருக்கினம். நீங்கள் சாப்பிடுங்கோ."

யூலியானா ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தார். பிறகு இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். எலுமிச்சம்பழத் துண்டைப் பிழிந்துவிட்டுத் திரும்பவும் சாப்பிட்டார். இந்த மனுசி சாப்பிட்டு இதுவரை தான் கண்டதேயில்லை என்பது அப்போதுதான் மேரிகிறேஸுக்கு உறைத்தது. இத்தனை வருசமும் 'நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பிறகு' என்ற குரலை மட்டும் கேட்டுக்கொண்டு, தானும் கணவனும் குனிந்த தலை நிமிராமல் தின்றிருக்கிறார்கள். அந்தப் பிறகு எப்போது வந்தது, மச்சாள் என்ன சாப்பிட்டார், ஆறிப்போன புட்டா, சட்டியில் ஒட்டிய குழம்பா, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. தான் ஆசைப்பட்ட சாப்பாடு முன்னால் இருந்தும், அவளுக்கு அதைவிட அந்த முகத்தைப் பார்க்கத்தான் விருப்பமாக இருந்தது.

ஸ்ரனிஸ்லாஸ் கடைசி வாயை விழுங்கிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தான். "ரெயிலுக்கு நேரமாகுது. வெளிக்கிடுவமே?"

"பொறடா தம்பி" என்றார் யூலியானா, தட்டிலிருந்து தலையை எடுக்காமல். "நான் இன்னும் சாப்பிட்டு முடியேல்லை."

அவன் மணிக்கூடு கட்டிய கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டான். மேரிகிறேஸ் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். ரெயில் போனால் அடுத்த ரெயில். மச்சாள் ஆறுதலாக, அவசரமே இல்லாமல் சாப்பிட்டார், அவர்கள் இருவரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.