காய்ந்த மண், ஈர மண்

நாற்றுப்பண்ணைக்காரியின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டது வேற்று ஆள் இல்லை, கூடப்பிறந்த அண்ணன்தான். கிழட்டுக் காப்பிச் செடிகளை வெட்டிவிட்டு, அதே குழிகளில் அவளிடம் வாங்கிய நாற்றை நட்டான். மேட்டு நிலத்தில் செடிகள் தளதளவென்று நின்றன. பள்ளத்தில் மஞ்சளாகிச் சோர்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு. மண்ணிலிருந்து வேரைத் துளைத்து நுழையும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழு.

"பையிலேயே புழுவை வெச்சு வித்துட்டா" என்று டீக்கடையில் உட்கார்ந்து ஊதிவிட்டான். நாற்று கேட்டு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். பண்ணையில் நாற்று பைக்குள்ளேயே முற்றிக்கொண்டிருந்தது.

அவள் அவன் வீட்டுக்கே போனாள். மொட்டைமாடியில் செய்தித்தாள் விரித்து, மண்ணைப் பரப்பிக் கட்டிகளை நசுக்கிக்கொண்டிருந்தான் மகராசன்.

"வாடி. வியாபாரமெல்லாம் எப்படி?"

"உன் புண்ணியத்துல படுத்துருச்சு. மேட்டுலயும் என் நாத்துதானே? அங்க ஏன் செடி சாகல?"

"அது தப்பிச்ச பை."

"அது களிமண்ணுண்ணே. பள்ளம் எருவே காணாத மணல். புழுவுக்கு ராஜபாட்டை. புழு தங்கற பழைய வேரைக்கூடப் பொறுக்காம நட்டிருக்கே."

"வாய் இருக்குன்னு பேசாதே. ஆய்வுக்கூடத்துல மண்ணைக் குடுத்தேன். ஒரு புழுகூட இல்லைன்னுட்டாங்க. மண்ணுல இல்லாதது உன் பையில இல்லாம எங்கேருந்து வந்துச்சு?"

அவமானத்தில் அவள் தலை குனிந்தபோதுதான் செய்தித்தாளில் காயும் மண் கண்ணில் பட்டது.

"இது எதுக்குக் காயுது?"

"எந்த உரம் போடலாம்னு கேட்டு அனுப்பறேன்."

"புழு பார்க்கக் குடுத்ததையும் இப்படித்தான் காயவெச்சியா?"

"பின்னே? சேறாவா குடுப்பாங்க? நல்ல வெயில்ல போட்டு, சலிச்சு, மாவு மாதிரி குடுத்தேன்."

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "உரத்துக்குத்தான் காயவெக்கணும். புழுவுக்கு ஈரத்தோட, நிழல்ல வெச்சுக் குடுக்கணும். வறுத்துக் கொன்னுட்டு, இல்லைன்னு என் தலையில கட்டினியா?"

பள்ளத்தின் கடைக்கோடியில், நாற்று பத்தாமல் சும்மா விட்ட குழிகள் இருந்தன. அவள் நாற்று அந்தப் பக்கமே போனதில்லை. அங்கே அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

"நீயே வெட்டு. நான் தொட்டா அதுக்கும் ஒரு கதை கட்டுவே."

ஒரே குழி மண்ணை இரண்டாகப் பிரித்தார்கள். பாதியை மாடியில் காயவைத்து, பாதியை ஈரத்தோடு பையில் கட்டி, இரண்டையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். காய்ந்ததில் ஒன்றுமில்லை. ஈரமண்ணில் புழு நெளிந்தது.

முடிவு வந்ததும் அண்ணன் பண்ணை வாசலில் வந்து நின்றான். முகத்தைப் பார்க்கவில்லை.

"மண்ணுலதான் இருந்திருக்கு. என்ன செய்யலாம்?"

"பழைய வேரைப் பொறுக்கு. எரு போடு. புழு அண்டாத வேற பயிர் வெச்சு நிலத்தை ஆறப்போடு."

"அப்புறம் நாத்து குடுப்பேல்ல?"

"குடுக்கறேன். அதே டீக்கடைக்குப் போ. அதே பெஞ்சுல உட்கார்ந்து, அதே குரல்ல இதையும் சொல்லிட்டு வா."

"அதெல்லாம் தானா தெரிஞ்சுக்குவாங்க."

"பொய் தானாவா தெரிஞ்சுது?"

அவன் திரும்பி நடந்தான். டீக்கடைப் பக்கம் போகவில்லை, வீட்டுக்குப் போகும் பாதையில்தான் போனான்.

அவள் முற்றிப்போன நாற்று ஒன்றை எடுத்துப் பையைக் கிழித்தாள். வேர் வெள்ளைவெளேரென்று இருந்தது, ஒரு முடிச்சு இல்லை. ஆனால் போக வழியில்லாமல் அடியில் சுருண்டு கிடந்தது. இனி எந்த மண்ணிலும் அது தேறாது. குப்பைக்குழியில் வீசிவிட்டு அடுத்த பையை எடுத்தாள்.